வீடியோ பார்த்தால் புரிகிறது, கேட்டால் சொல்ல வரவில்லை

ஜூலை 6, மாலை – கேள்வி

என் மகள் எட்டாம் வகுப்பு. அறிவியல், வரலாறு, தமிழ் எல்லாவற்றுக்கும் வீடியோதான். பார்த்து முடித்ததும் "சூப்பரா புரிஞ்சிடுச்சு" என்கிறாள். அரை மணி நேரம் கழித்து அதிலிருந்தே ஒரு கேள்வி கேட்டால் திணறுகிறாள். பொய் சொல்கிறாள் என்று தோன்றவில்லை. குறை வீடியோவிலா, பார்க்கும் விதத்திலா? வகுப்பில் வீடியோ காட்டும் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு

பொய் இல்லை. புரிந்தது போல அவளுக்கு இருப்பது உண்மைதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

நான் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன், ஆள் இல்லாத நாள்களில் சமூக அறிவியலும் தமிழும். நல்ல வீடியோ என்று நாம் எதைச் சொல்கிறோம்? குரல் தெளிவு, படம் அழகு, தடங்கல் இல்லாத ஓட்டம். அந்த ஓட்டத்தில் மாணவரின் மனம் எங்கேயும் இடறுவதில்லை. ஏற்கெனவே தான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் வீடியோவும் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இதை ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார். வெரிட்டாசியம் என்ற யூடியூப் அறிவியல் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர், 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு அது. இயற்பியல் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு நேரடியாக விளக்கும் வீடியோ. இன்னொரு பகுதியினருக்கு, மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறான யோசனைகளை முதலில் பேசவிட்டு, அது ஏன் சரியில்லை என்று வாதாடும் வீடியோ. முதல் வகையைப் பார்த்தவர்கள் தெளிவாக இருந்தது, எளிதாக இருந்தது என்றார்கள். பரீட்சை வைத்தால் பெரிய முன்னேற்றம் இல்லை. இரண்டாவது வகையைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். ஆனால் மதிப்பெண் அவர்களுக்குத்தான் ஏறியது.

உங்கள் மகள் சொல்லும் "சூப்பரா புரிஞ்சிடுச்சு" எனக்குக் கவலை தருவது இதனால்தான். "அது எப்படி?" என்று கேட்டுக்கொண்டு வந்தால் சந்தோஷப்படுவேன்.

ஜூலை 7

உதாரணம் கேட்டிருந்தார்கள். பருவகாலத்தையே எடுத்துக்கொள்வோம்.

கோடையில் ஏன் வெயில் அதிகம் என்று ஏழாம் வகுப்பில் கேட்டால், பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்பார்கள். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதைக் காட்டும் அருமையான அனிமேஷன் ஒன்றைப் போட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வகுப்பில் அதே கேள்வி. பதில் இப்படி வந்தது: "பூமி சாஞ்சு இருக்கறதால ஒரு பக்கம் சூரியனுக்குக் கிட்ட போயிடுது மிஸ், அதான் வெயில்." வீடியோவில் கேட்ட சாய்வு ஞாபகம் இருக்கிறது. மனதில் ஏற்கெனவே இருந்த "பக்கத்தில்" அசையவே இல்லை. சாய்வைக் கொண்டுபோய் அதற்கே முட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது வீடியோவைத் தொடுவதற்கு முன்னால் பலகையில் இரண்டு வரி எழுதிவிடுகிறேன். ஜனவரி தொடக்கத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலை தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கி.மீ. எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பேன். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் யாராவது ஒருவர், "மிஸ், மாத்தி எழுதிட்டீங்களா?" என்பார். மாற்றி எழுதவில்லை என்று சொன்னதும் வகுப்பு கிளம்பிவிடும். இங்கே ஜனவரி குளிர்காலமாயிற்றே, அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடையாமே, ஒரே பூமி எப்படி ஒரே நேரத்தில் பக்கத்திலும் தூரத்திலும் இருக்கும் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். அந்தச் சத்தம் நடக்கும்போது ப்ளே அழுத்த வேண்டும். அதே அனிமேஷன்தான். ஆனால் இப்போது கதிர் எவ்வளவு சாய்ந்து விழுகிறது, பகல் எவ்வளவு நீள்கிறது என்பதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

ஜூலை 7, பின்னிரவு

மேலே சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். அந்தத் தவறான எண்ணம் பிள்ளைகளுக்குத் தானாக மட்டும் வருவதில்லை. அனிமேஷன்களும் ஊட்டுகின்றன. பூமியின் பாதையைப் பக்கவாட்டிலிருந்து காட்டுவதற்காக முட்டை வடிவத்தில் நீட்டி வரைகிறார்கள். உண்மையில் அந்தப் பாதையை 10 செ.மீ. அகலத்தில் தாளில் வரைந்தால் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். கண்ணுக்கு வட்டம்தான். சூரியன் நடுப்புள்ளியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி இருக்கும், அவ்வளவே.

குரல் சரியாகச் சொல்லும்போதே படம் தவறாகச் சொல்ல முடியும். பிள்ளைகள் படத்தைத்தான் நம்புகிறார்கள்.

ஜூலை 8

ரத்த ஓட்ட வீடியோக்களில் சிரைகளுக்கு நீல நிறம். அது அடையாளத்துக்குப் போட்ட வண்ணம் என்று வீடியோவில் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விளைவு: "உடம்புக்குள்ள ரத்தம் நீலம், வெளிய காத்து பட்டதும் சிவப்பாயிடும்" என்று உறுதியாகச் சொல்லும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் சிவப்புதான், அடர்த்தியான சிவப்பு.

ஜூலை 9

"அப்படியானால் வீடியோவே வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. வகுப்பில் நான் எவ்வளவு தொண்டை கிழியக் கத்தினாலும் காட்ட முடியாதவை இருக்கின்றன. அதற்கெல்லாம் வீடியோவை விட்டால் வேறு வழி கிடையாது. மொட்டு விரிவதை வேகமாக்கிக் காட்டலாம். ஒரு செல் இரண்டாகப் பிரிவதைக் காட்டலாம். நீரில் மிதக்கும் துகள் நுண்ணோக்கியின் கீழ் துள்ளிக்கொண்டே இருப்பதைக் காட்டலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1971 ஆகஸ்டில் எடுத்த ஒரு சின்னப் படக்காட்சி. அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நிற்கிறார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் வல்லூறின் இறகு. இரண்டையும் ஒரே நேரத்தில் விடுகிறார். படம் மங்கல், இசை இல்லை, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கையை விடுவதற்குச் சற்று முன்னால் பாஸ் போட்டுவிடுவேன். எது முதலில் விழும்? ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும், பக்கத்தில் காரணமும். சுத்தியல் என்று பாதிப் பேர். கொஞ்சம் படித்தவர்கள் இரண்டும் சேர்ந்து விழும் என்பார்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும்: "ரெண்டும் விழாது மிஸ், நிலாவுல ஈர்ப்பு இல்ல, மிதக்கும்." அந்த ஒரு வரி எனக்குத் தங்கம். பாஸ் போடாமல் ஓடவிட்டிருந்தால் அது வெளியே வந்தே இருக்காது. வகுப்பில் கால்வாசிப் பேர் அதை நினைத்துக்கொண்டே அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள்.

ப்ளே அழுத்தியதும் இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. பூமியில் விழுவதைவிட மெதுவாக விழுகின்றன என்பதையும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். நிலவின் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு என்பதை அதன் பிறகு சொன்னால் அந்த எண் ஒட்டிக்கொள்கிறது.

ஜூலை 9, இரவு

வீடியோ தேர்ந்தெடுக்க ஒரு வழி கேட்டார்கள். நான் செய்வது: முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். படம் மட்டுமே ஏதாவது சொல்கிறதா? அப்புறம் திரையைப் பார்க்காமல் கேட்பேன். ஒன்றும் இழக்கவில்லை என்றால் அது வெறும் பேச்சு. அதை நானே வகுப்பில் பேசிவிடலாம், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. இந்தச் சோதனையில் பத்துக்கு ஏழு எட்டு கழிந்துவிடும்.

இலக்கியத்துக்கு மட்டும் இதை அப்படியே வைக்கக் கூடாது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூலை 11

பின்னணி இசை. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் இல்லை. நீர் சுழற்சிக்கு எதற்கு முரசு?

ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இதுதான்: பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இசை, சம்பந்தமில்லாத சுவாரசியத் துணுக்கு, அலங்காரப் படம் எல்லாம் கற்பதைக் குறைக்கும். இன்னொன்றும் சொல்கிறார். படம் ஓடுகிறது, குரல் விளக்குகிறது, அதே வாக்கியங்களை முழுக்கத் திரையிலும் எழுதிக் காட்டினால், கண் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவில் அல்லாடும். முக்கியமான சொல் ஒன்றிரண்டு திரையில் வந்தால் போதும்.

காது கேட்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கும், பாடமொழி வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்கும் கீழே வரிகள் ஓடுவது பெரிய உதவி என்று ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். நூற்றுக்கு நூறு சரி. அவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். தேவைப்படுகிறவர் போட்டுக்கொள்ளும்படி வைப்பது நல்லது. படத்தின் மீதே நிரந்தரமாக அச்சடித்துவிடுவதில்தான் எனக்கு வருத்தம்.

ஜூலை 13

வரலாறு. இங்கே ஆபத்து அதிகம், ஏனென்றால் அறிவியல் போலச் செய்து பார்த்து உடனே சரிசெய்துவிட முடியாது.

தஞ்சைப் பெரிய கோயில் வீடியோக்களில் பெரும்பாலானவை, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று தொடங்குகின்றன. விழும். காலையிலும் மாலையிலும் முற்றத்தில் நீளமாக விழுவது புகைப்படங்களிலேயே தெரியும். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள்களில் நண்பகலில் எந்தக் கட்டடத்தின் நிழலும் அதன் காலடிக்குள் சுருங்கிவிடும், இந்தக் கோயிலுக்கும் அப்படித்தான். 1010இல் கட்டி முடித்த, 200 அடிக்கு மேல் உயர்ந்த கருங்கல் விமானத்துக்கு இப்படி ஒரு பொய்ப் புகழ் எதற்கு?

நிஜமான வியப்பு அந்தச் சுவரிலேயே வெட்டியிருக்கிறது. தானும் தன் அக்காவும் தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். கோயில் பணிக்கு மற்ற ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்கள் அங்கே இருக்கின்றன. தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஒரு வேலி நிலத்தின் விளைச்சல், அதாவது 100 கலம் நெல் (வேலி பழைய நில அளவு, கலம் பழைய தானிய அளவு). ஒரு பேரரசனைப் பற்றிய பாடத்தில் சாதாரண மனுஷி ஒருத்தியின் பெயரும் வீட்டு எண்ணும் ஆயிரம் ஆண்டு கழித்துக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தக் கல்வெட்டின் மீது கேமராவை மெல்ல நகர்த்தி ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று படித்துக் காட்டும் வீடியோவுக்காகக் காத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சில எழுத்துகள் தாமாகவே பிடிபடும். அந்த நொடியில் வகுப்பு முழுக்க எழுந்து நின்றுவிடும்.

ஜூலை 13, இன்னும் கொஞ்சம்

படங்களைப் பற்றி. நாம் எல்லோரும் அறிந்த திருவள்ளுவர் உருவம் 20ஆம் நூற்றாண்டில் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. வள்ளுவரின் முகத்தைக் காட்டும் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை, வரைந்தவரின் கற்பனை என்று மாணவருக்குச் சொல்லிவிட்டால் போதும். இப்போது செயற்கை நுண்ணறிவு படம் போட்டுத் தருவதால் ஒவ்வோர் அரசனுக்கும், புலவருக்கும் புகைப்படம் மாதிரியே ஒரு முகம் வந்துவிடுகிறது. தோலில் வியர்வை வரை தெரிகிறது. ஓவியத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அது ஓவியம் என்றாவது தெரியும். இதில் அதுவும் தெரியாது. வரலாற்று வீடியோவில் திரையின் மூலையில் "கற்பனைப் படம்" என்று இரண்டு சொல் போடச் சொல்லி எல்லாச் சேனல்களுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சிலர் போடவும் தொடங்கியிருக்கிறார்கள்.

ஜூலை 15

நாடகம் போல எடுத்த போர் வீடியோக்களைப் பார்த்துத்தான் தன் மகனுக்கு வரலாற்றின் மேல் ஆசை வந்தது என்று ஒரு தந்தை எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். என் வகுப்பிலும் அப்படி ஒரு பையன் இருக்கிறான். யானைப்படை பார்க்க வந்தவன் இப்போது யானைக்குத் தீனி எங்கிருந்து வந்திருக்கும், இவ்வளவு பேருக்கு ஆற்றைக் கடக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிறான். ஆகவே இழுத்து வருவதற்கு அந்த வகை உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு அந்த வீடியோக்களில் பதில் இல்லை. கேள்வி வந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பெற்றோரோ, ஆசிரியரோ, நூலகமோ.

ஜூலை 18

இலக்கியம், சொன்னபடி.

கணியன் பூங்குன்றனாரின் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" பாடலுக்கு வீடியோ தேடினேன். வந்த பலவற்றிலும் சுழலும் பூமிப்பந்து, கைகோத்த குழந்தைகள், உச்சத்தில் இசை, முதல் வரியோடு முடிவு. புறநானூற்றின் 192ஆம் பாட்டு 13 அடி. முதல் வரி ஒரு தொடக்கம்தான். தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவதில்லை என்கிறார். சாவு புதிதில்லை என்கிறார். அப்புறம் வருவது: மழை பெய்து, பாறையில் மோதி இரைச்சலிடும் பேராற்றில் அடித்துச் செல்லப்படும் தெப்பத்தைப் போல உயிர் அதன் வழியே போகும். இதைத் தெளிந்ததால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. எல்லோரும் உறவு என்று முதல் அடியில் ஏன் சொன்னார் என்பது கடைசி அடிக்கு வந்தால்தான் தெரிகிறது. முதல் அடியோடு நிறுத்தும் வீடியோ, பாட்டின் காரணத்தை வெட்டி எறிந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்த மாதிரி ஒன்றைச் செய்தால் எப்படி இருக்கும்? வெள்ளம் போகும் ஆறு, அதில் ஒரு தெப்பம். அது மட்டும் போதும். துடுப்பு பயன்படாத வேகத்தை நகரத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அதைக் காட்டினால் உவமை உயிர் பெறும்.

சத்தத்தை அணைத்துப் பார்க்கும் சோதனை கவிதைக்குப் பொருந்தாது என்றது இதற்காகத்தான். பழம்பாட்டில் மாணவர்கள் தடுக்கி விழுவது பொருளிலல்ல, வாசிப்பதிலேயே. சொற்கள் புணர்ந்து கிடக்கும், எங்கே பிரிப்பது என்று தெரியாது. நல்ல குரல் ஒன்று முதலில் சீர்களாகவும், பிறகு சொல் பிரித்தும், மூன்றாவது முறை முழுப் பாட்டாகவும் வாசித்தால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். திரையில் வெறும் எழுத்து இருந்தாலும் சரிதான். இங்கே குரல்தான் படம்.

கதைக்கு வேறு நியாயம். சிறுகதையைப் படிப்பதற்கு முன்னால் வீடியோ காட்டவே மாட்டேன். வாசலில் நிற்கும் கிழவிக்கு வீடியோ ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டால், நாற்பது பேர் மனதில் வரவேண்டிய நாற்பது கிழவிகளும் வராமலே போய்விடுவார்கள்.

ஜூலை 19

"ஆறு நிமிடத்துக்கு மேல் வீடியோ இருக்கக் கூடாது என்று ஆய்வு சொல்கிறதே?"

2014இல் வந்த ஆய்வு அது. எட்எக்ஸ் தளத்தின் இணையப் படிப்புகளில் ஏறத்தாழ 69 லட்சம் முறை வீடியோ பார்த்த பதிவுகளை அலசினார்கள். எவ்வளவு நீள வீடியோவாக இருந்தாலும் பாதிப் பேர் ஆறு நிமிடத்துக்குள் விலகிவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் தனியாக உட்கார்ந்து இணையத்தில் படித்தவர்கள். பள்ளி வகுப்பு இல்லை. அளந்ததும் பார்த்த நேரத்தை, கற்றதை அல்ல. ஆறு நிமிட வீடியோவை நடுவில் நிறுத்தி நிறுத்தி அரைமணி நேரம் பயன்படுத்தலாம். இருபது நிமிட வீடியோவில் தேவையான இரண்டு நிமிடம் மட்டும் போடலாம். நீளத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

ஜூலை 22

பழைய ஆசிரியர் ஒருவர் வானொலி, தொலைக்காட்சிப் பாடக் காலத்தை நினைவுபடுத்தியிருந்தார். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சினிமா வந்ததும் இன்னும் பத்து ஆண்டுகளில் பள்ளிக்கூடம் முற்றிலும் மாறிவிடும், புத்தகம் தேவைப்படாது என்று 1913இலேயே எடிசன் சொல்லியிருக்கிறார். 1975 ஆகஸ்டு முதல் ஓர் ஆண்டு, ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. மிகப் பெரிய முயற்சி. ஆனால் ஒளிபரப்பை யாராலும் நிறுத்திவைக்க முடியாது. ஒரு பிள்ளை கை தூக்கினால் பாடம் அதற்குள் தாண்டிப் போயிருக்கும். அந்த ஆசிரியர்களுக்குக் கிடைக்காத ஒன்று இன்று நம் விரலடியில் இருக்கிறது. பாஸ் பொத்தான். அதைத் தொடாமல் ஓடவிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது எனக்கு ஏற்பே இல்லை.

ஜூலை 24

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: வீட்டில் செய்து பார்த்தீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. முழு வீடியோவுக்கும் நீங்கள் உட்கார வேண்டாம். தலைப்பைப் பார்த்ததும், "இதுல என்ன சொல்வாங்கன்னு நினைக்கிற?" என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அவள் சொன்னதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் அந்தத் தாளில் எதை அடிக்க வேண்டும் என்று அவளே பார்க்கட்டும். அடிக்க ஒன்றுமே இல்லை என்றால் வீடியோ அவளுக்குப் புதிதாக எதையும் தரவில்லை, அல்லது கவனிக்கவில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். தெரிந்ததைத் திருப்பிப் பார்க்க அந்த வேகம் சரி. புதுப் பாடத்துக்கு யோசிக்க இடைவெளி வேண்டும்.

ஜூலை 27

கிரகணத்துக்கு எந்த வீடியோ நல்லது என்று கேட்டவருக்கு: சூரியன், நிலா, பூமி மூன்றையும் ஒரே மட்டத்தில் வைத்துச் சுற்றிக் காட்டும் எதையும் எடுக்காதீர்கள். அப்படிக் காட்டினால் ஒவ்வொரு அமாவாசைக்கும் சூரிய கிரகணம் வர வேண்டும். ஏன் வருவதில்லை என்ற கேள்வியை முதலில் வகுப்பில் போட்டுவிடுங்கள். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதைக் காட்டும் வீடியோவாகத் தேடுங்கள், அதைவிட முக்கியமாகத் தூரத்தை நீங்களே செய்து காட்டுங்கள். பூமிக்கும் நிலாவுக்கும் நடுவில் ஏறக்குறைய 30 பூமிகளை வரிசையாக வைக்கலாம். பூமிக்கு ஒரு கால்பந்து என்றால், டென்னிஸ் பந்தைவிடச் சற்றே சிறிய நிலாவை ஆறரை மீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் வகுப்பின் கடைசி பெஞ்சு வரை போக வேண்டியிருக்கும். அவ்வளவு தள்ளி நிற்கும் பந்தை 5 டிகிரி தூக்கிப் பிடித்தால் அரை மீட்டருக்கு மேல் உயரும். நிழல் ஏன் தவறிப்போகிறது என்று பின் வரிசைக்காரர்களே முதலில் சொல்வார்கள். வீடியோவை அதற்கப்புறம் போடுங்கள்.